ரொனால்ட் பெல்லிங்கின் முகம்

ஹெல்ட்ரோட, நெதர்லாந்து
20.11.1988

அன்புள்ள தம்பி பாலேந்திராவுக்கு,

நானும் அத்தானும் சுகம். நீயும் வசந்தமலரும் சுகமாய் இருக்கவேண்டும் என்று வைரவரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். உன்னிடம் பதில் வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று தெரியும். ஆனாலும் இந்த முறை ஒரு அலுவல் இருக்கிறது, முழுவதும் வாசி.

இந்த ஊரை 1944 ஒக்டோபர் 27ஆம் திகதி ஆங்கிலேயப் பட்டாளம் வந்து ஜெர்மன்காரரிடமிருந்து மீட்டது. அதில் செத்த பெடியன்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஊர் எல்லையில் வெள்ளைக் கற்களுக்குக் கீழே கிடக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஊரில் ஒரு குடும்பம் பொறுப்பு. பாசி துடைப்பது, பூ வைப்பது, செத்தவனின் வீட்டாருக்குக் கடிதம் எழுதுவது, அவர்கள் வந்தால் தங்கள் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு கொடுப்பது, எல்லாம் அந்தக் குடும்பம்தான். நாற்பத்துநாலு வருசமாகச் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால், எங்களுக்காகச் செத்த பிள்ளைகளை வேறு யார் பார்ப்பது என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள்.

பக்கத்து வீட்டு டீனா அம்மாவுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. தன் பொறுப்பில் இருந்த கல்லை என்னிடம் தந்துவிட்டார். அகதிகளிடம் கொடுக்கலாமோ என்று இந்தக் கற்களைப் பராமரிக்கிற சங்கத்தில் கூட்டம் போட்டார்களாம். டீனா அம்மா தடியால் நிலத்தில் தட்டி வாதாடி வென்றுவிட்டார். அந்தப் பெடியன் செத்தது அவருடைய வீட்டு முற்றத்தில்தான். அப்போது அவருக்குப் பத்து வயது. தாய் மேசைத்துணியால் மூடிவிட்டபடியால் முகத்தைக் காணவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த சப்பாத்துகளை மட்டும் கண்டாராம். “பெரிய கால்” என்று இன்றைக்கும் சொல்லுவார்.

பெயர் ரொனால்ட் பெல்லிங், வயது பத்தொன்பது. இடுகாட்டு வாசலில் ஒரு பதிவுப் புத்தகம் இருக்கிறது. ஆர்தர், ஈடித் ஆகியோரின் மகன், ஊர் தோர்ண்டன் ஹீத் என்று அதில் போட்டிருக்கிறது. உன் ஊரான், தம்பி!

ஒக்டோபர் விழாவில் கல்லடியில் வைக்க மற்ற எல்லாப் பெடியன்களுக்கும் படம் இருக்கிறது. இவனுக்கு மட்டும் இல்லை. தாய் தகப்பன் ஒரு கடிதத்துக்கும் பதில் போடவில்லையாம். நீ விசாரித்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

வாற மாதம் கார்த்திகை அமாவாசை, எங்கள் சின்னவன் ஞானரட்ணம் செத்து ஒரு வருசம், ஆட்டைத் திவசம். அரிசி வாங்கச் சைக்கிளில் போய்த் திரும்பாத பிள்ளையின் கடைசி நாள் எதென்று நீ லண்டனுக்கு வந்து இறங்கிய அந்த வவுனியா ஆளிடம் கேட்டு எழுதியிராவிட்டால், திவசம் செய்யக்கூட நமக்கு ஒரு நாள் இருந்திராது. ஆனாலும் அவனை எரித்த இடத்துக்கு அம்மாவால் போக ஏலாது, பூ வைக்க அங்கே ஒருவரும் இல்லை. இங்கே ஒரு தாயின் பிள்ளைக்கு நான் வைத்தால் அங்கே அவனுக்கு யாராவது வைப்பார்கள் என்று ஒரு நினைப்பு. அதுதான் கேட்கிறேன்.

அன்பு அக்கா
சிவனேஸ்வரி


தோர்ண்டன் ஹீத், லண்டன்
15.1.1989

என் அன்பு அக்காவுக்கு,

பிந்தியதற்கு முதலில் மூன்று தோப்புக்கரணம். கடையை எடுத்த நாளிலிருந்து நாய்க்கு வேலையும் இல்லை நிற்க நேரமும் இல்லை என்ற கதைதான். விடியப் பேப்பர் கட்டு அவிழ்ப்பதில் தொடங்கினால் ராத்திரிதான் கதிரையில் இருக்கலாம். வசந்தமலருக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில்தான் சந்திக்கிறோம்.

வருகிற வெள்ளைக்காரரும் பேச்சுக் கொடுத்தே நேரத்தைத் தின்கிறார்கள். ஒரு பூனைக்கார மனிசி தினமும் வருவார். ஒரு பேப்பர், இரண்டு டின் பூனைச் சாப்பாடு. மழை, குளிர், பூனையின் வயிறு, இந்த மூன்றையும் பேசாமல் வெளிக்கிட மாட்டார். நான் ‘யெஸ் லவ், நோ லவ்’ என்று தலையாட்டிக்கொண்டு மிச்சக் காசைக் கையில் வைத்து அனுப்பிவிடுவேன்.

உங்கள் ரொனால்ட் விஷயம் மனதில் இருக்கிறது. நாற்பத்துநாலு வருசம் பொறுத்தவர் இன்னும் இரண்டு மாதம் பொறுப்பார். கட்டாயம் தேடுவேன். அத்தானைக் குளிருக்குத் தலை மூடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
பாலேந்திரா


ஹெல்ட்ரோட
2.7.1989

தம்பிக்கு,

இரண்டு மாதம் என்றாய், ஆறு மாதம் போய்விட்டது. போனில் கேட்டால் கடையில் ஆள் நிற்கிறது என்று வைக்கிறாய். காசு கேட்டோ, ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடச் சொல்லியோ நான் உன்னைக் கரைச்சல் படுத்தியதில்லை. ஒரு படம்தான் கேட்டேன். கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுது, நான் வெறும் கல்லுக்கே பூ வைத்துவிட்டுப் போகிறேன். ஒக்டோபர் விழாவுக்கு டீனா அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். செத்தவன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுச் சாகவேண்டுமாம் அவருக்கு.

அக்கா


தோர்ண்டன் ஹீத்
10.9.1989

என் அன்பு அக்காவுக்கு,

இத்துடன் திருவாளர் ரொனால்ட் பெல்லிங் வருகிறார். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ஒட்டியிருக்கிறேன், கவனமாய்ப் பிரித்தெடுங்கள்.

கதையைக் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்குள்ள சேர்ச்சில் விசாரித்தேன். அவர்கள் காட்டிய வழியில் போனால் பச்சைக் கதவு போட்ட சின்ன வீடு. தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். ரொனால்டின் சித்தி மட்டும் இருக்கிறார், எண்பது தாண்டிய மனிசி. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அங்கே என் அக்கா பூ வைக்கிறா என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அலுமாரிக்குள் இருந்து இந்தப் படத்தை எடுத்து, “இனி இது உன்ரை அக்காவிட்டை இருக்கட்டும்” என்றார். கண் தெரியாதாம், கடிதம் ஒன்றும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ரொனால்டுக்கு வேறு ஒருவரும் இல்லை.

சினிமாக்காரன் மாதிரி இருக்கிறான், இல்லையா? இனியாவது என்னைத் திட்டுவதை நிறுத்துங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
பாலேந்திரா


ஹெல்ட்ரோட
30.10.1989

என் ராசா, என் தம்பிக்கு,

நீ நல்லாய் இருக்கவேண்டும். உன்னைத் திட்டிய வாயால்தான் சொல்கிறேன்.

27ஆம் திகதி ஊர் முழுவதும் இடுகாட்டுக்கு நடந்து போனது. அன்றைக்கு மட்டும் சேர்ச் மணியை ஒரு மணித்தியாலம் ஓயாமல் அடிப்பார்கள். யுத்தத்தில் ஜெர்மன்காரர் மணியைக் கழற்றிக்கொண்டு போனதால், ஊர் மீட்கப்பட்ட நாளில் அடிக்க மணி இருக்கவில்லையாம். அந்தக் குறையைத்தான் வருசா வருசம் தீர்க்கிறார்கள். படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுபோய்க் கல்லில் சாய்த்து வைத்தேன். டீனா அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அத்தான் கொண்டுவந்தார். படத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, “இவ்வளவு வடிவான பெடியனோ?” என்று கேட்டார். ஒரு பிரதி எடுத்துத் தன் கட்டிலருகில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்திலும் ஒன்று மாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஞானத்தின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருக்கும் ஒரே விளக்கு. ரொனால்டின் நாளுக்கு உறைப்பில்லாமல் உருளைக்கிழங்கு அவித்து, முட்டை பொரித்துப் படைத்தேன். அத்தான் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும்.

சித்தி அம்மாவுக்குக் கடிதம் வேண்டாம் என்றாய், சரி. ஒரு பெட்டி பிஸ்கட் அனுப்புகிறேன். பச்சைக் கதவைத் தட்டி உன் கையால் கொடு.

அன்பு அக்கா
சிவனேஸ்வரி


தோர்ண்டன் ஹீத்
12.11.1989

அக்கா,

இதை அனுப்பப்போவதில்லை என்று தெரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அந்தப் படம் ரொனால்ட் இல்லை. நான் எந்தச் சேர்ச்சுக்கும் போகவில்லை, ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரொய்டன் சந்தையில் பழஞ்சாமான் விற்கிறவனிடம் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பழைய படங்கள் கிடந்தன. பட்டாளச் சட்டையோடு நின்றவர்களில் வடிவானவனாகப் பார்த்து எடுத்தேன். சித்தியைக் கடிதம் எழுதும்போதுதான் படைத்தேன். எழுத எழுதத் தேத்தண்ணியும் அழுகையும் தன்பாட்டில் வந்தன.

பெரியப்பா செத்தபோது நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் போட அவருடைய படம் ஒன்றுகூட இல்லை. ஐயாவின் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து மீசை கீறி, தலையை நரைக்க வைத்து அச்சடித்தோம். சனம் எல்லாம் அதைப் பார்த்துத்தானே அழுதது? பெரியம்மாவே அந்தப் படத்துக்குத்தானே கடைசிவரை பூ வைத்தா? படைக்கிறதுக்கு ஒரு முகம் வேண்டும், ஏதோ ஒரு முகம் இருந்தால் காணும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் பெரியப்பா ஐயாவின் கூடப்பிறந்தவர். இவன் யார் பெற்ற பிள்ளையோ.

தெரியாது என்று எழுத வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. உங்கள் பிஸ்கட் பெட்டி நேற்று வந்தது. வசந்தமலரும் நானும் தின்றுகொண்டிருக்கிறோம். அவளிடம் அக்கா அன்பாய் அனுப்பியது என்று சொன்னேன்.

இந்தப் புளுகை அவிழ்த்தால் இதற்கு முந்திய ஒன்றும் சேர்ந்து அவிழும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.

பாலேந்திரா


தோர்ண்டன் ஹீத்
4.3.1990

என் அன்பு அக்காவுக்கு,

ஒரு துக்கச் செய்தி. ரொனால்டின் சித்தி போன கிழமை காலமாகிவிட்டார். பிஸ்கட்டைக் கண்டு சந்தோசப்பட்டார். வீட்டைக் கவுன்சில் எடுத்துக்கொண்டது. இனி அங்கே ஒன்றும் அனுப்பவேண்டாம். வேறு புதினம் இல்லை.

உங்கள் தம்பி
பாலேந்திரா


ஹெல்ட்ரோட
18.9.1994

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். இந்த ஒக்டோபரில் ஊர் மீட்கப்பட்டு ஐம்பது வருசம். சங்கத்தார் லண்டன் பக்கத்து உள்ளூர்ப் பேப்பர்களில் விளம்பரம் போட்டார்கள். ரொனால்டுக்கு ஒரு தங்கை இருக்கிறாராம்! கத்தரின் என்று பெயர். உயிரோடு, தோர்ண்டன் ஹீத்திலேயே இருக்கிறாராம். கலியாணம் முடித்துப் பெயர் மாறியபடியால் இவ்வளவு காலமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாய் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கவிடவில்லையாம், கடிதங்களைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டாராம். சித்தி அம்மாவுக்கு இப்படி ஒரு பெறாமகள் இருப்பது எப்படித் தெரியாமல் போனது? வயது போனால் அப்படித்தான் போல.

நான்கு நாள் எங்கள் வீட்டில் தங்குகிறார். நீ வந்தே ஆகவேண்டும். படம் தேடிக் கொடுத்த கையை அவர் பார்க்கவேண்டாமா?

அன்பு அக்கா
சிவனேஸ்வரி


ஹெல்ட்ரோட
2.11.1994

அன்புள்ள தம்பிக்கு,

கடையை விட்டு வர ஏலாது என்று போனில் சொன்னாய். எனக்கு மனவருத்தம்தான், இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

கத்தரினை பஸ்சில் இருந்து இறக்கும்போது டீனா அம்மா சக்கர நாற்காலியில் காத்திருந்தார். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தையும் விளங்காது, கையை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டுக்குள் கூட்டிவந்து நேரே படத்துக்கு முன்னால் நிற்கவைத்தேன். விளக்கு ஏற்றி, அவனுடைய உருளைக்கிழங்கும் முட்டையும் படைத்திருந்தேன்.

கத்தரின் கிட்டப் போய்க் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு, “எத்தினை வருசமாய் இந்தப் படம் இஞ்சை இருக்கு?” என்று கேட்டார். ஐந்து என்றேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கு வைப்பீர்களா என்றார். ஓம் என்றேன். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் சித்தி அம்மாவின் கதை முழுவதையும் சொன்னேன், பச்சைக் கதவு, தேத்தண்ணி, அழுதது, கண் தெரியாதது எல்லாம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டவர், “இது எனக்குத் தெரியாது. சொன்னதுக்கு நன்றி” என்றார். அவ்வளவுதான்.

இனித்தான் அதிசயம். சுவரில் உன் கலியாணப் படம் இருக்கிறதல்லவா? அதைப் பார்த்துத் திடுக்கிட்டார். நீ அவருடைய கடைக்காரனாம்! ஆறு வருசமாக உன்னிடம்தான் பேப்பரும் பூனைச் சாப்பாடும் வாங்குகிறாராம். சங்கத்தின் விளம்பரத்தைப் பார்த்ததுகூட உன் கடையில் வாங்கிய பேப்பரில்தானாம். கடவுள் எப்படி முடிச்சுப் போடுகிறார், பார்!

போகும்போது கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். என்னிடம், “எங்கடை அம்மாகூட அவனை இப்பிடிப் பார்க்கேல்லை” என்றார். ஊருக்குள் நான் இப்போது தலைநிமிர்ந்து நடக்கிறேன். எல்லாம் நீ தந்த மரியாதை.

அன்பு அக்கா
சிவனேஸ்வரி


தோர்ண்டன் ஹீத்
11.12.1994

அக்கா,

இதை நின்றுகொண்டு வாசிக்காதீர்கள். இருந்து வாசியுங்கள்.

உங்கள் விளக்குக்கு முன்னால் இருப்பவன் ரொனால்ட் இல்லை. அவன் யாரென்று எனக்குத் தெரியாது. சந்தையில் வாங்கிய படம். சித்தி என்று ஒருவர் இருந்ததில்லை. பச்சைக் கதவும் தேத்தண்ணியும் என் புளுகு. உங்கள் பிஸ்கட்டை நாங்கள் தின்றோம். இன்னும் கேட்டுவிடுவீர்களே என்ற பயத்தில் சித்தியைச் சாகடித்ததும் நான்தான். 89இல் இதையெல்லாம் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதமும் இத்துடன் இருக்கிறது.

கத்தரின் இங்கே திரும்பிய மறுநாளே வந்தார். பூனைச் சாப்பாடு இரண்டு டின் எடுத்து வைத்துவிட்டு, கடையில் நின்ற மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்தார். பிறகு ஒரு என்வலப்பை மேசையில் வைத்தார். “என்ரை அண்ணனுக்குக் காது ரெண்டும் வெளியிலை நிக்கும். அதைச் சொல்லித்தான் நாங்கள் சிரிப்பம்” என்றார். உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையாம், சொல்லவேண்டியது தன் வேலை இல்லையாம். உங்கள் வீட்டில் அந்த விளக்கைப் பார்த்தபோது வாய் திறக்க மனம் வரவில்லையாம். போகும்போது ஒன்று கேட்டார். “என்னட்டை ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை, ஒவ்வொரு நாளும் வந்தனே” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகும் தினமும் வருகிறார். பேப்பர், இரண்டு டின், குட் மோர்னிங். எழுதிவிட்டாயா என்று கேட்பதில்லை. நான்தான் மிச்சக் காசைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டாமல் நிற்கிறேன். ஆறு வருசம் மழையைப் பற்றிப் பேசிய மனிசியிடம் ‘பெல்லிங் என்று யாரையும் தெரியுமா’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் காணும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு ஐந்து வருசம் நின்றது. நான் கெட்டிக்காரனாக இருந்தேன் என்பதால் இல்லை, நீங்கள் என்னை நம்பினீர்கள் என்பதால்.

என்வலப்பில் இருந்த படத்தை அனுப்புகிறேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறானே, அவன்தான் ரொனால்ட்.

பாலேந்திரா


ஹெல்ட்ரோட
8.1.1995

பாலேந்திராவுக்கு,

படம் கிடைத்தது.

பழைய படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் இருந்து நானே போய்க் கழற்றினேன். ஐம்பதாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்துக் கீறிய சித்திரங்கள் பதினெட்டு, கீழே தொங்கிக்கொண்டிருந்தன. ஆசிரியையிடம் என் தம்பி பிழை விட்டுவிட்டான் என்று சொன்னேன். தம்பி பொய் சொன்னான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அகதி என்று வந்தவர்களுக்கு வீடு தந்த ஊர் இது. எங்களை நம்பித் தங்கள் பிள்ளையைத் தந்த சங்கம் இது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் தெருவில் அவர்களைக் கண்டால் மற்றப் பக்கம் மாறி நடக்கிறேன்.

டீனா அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். புதுப் படத்தைக் கையில் வாங்கி, காதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு காலைப் பார்த்தார். “ஓம், இவன்தான்” என்றார். சந்தைப் படத்தை எறிய எனக்கு மனம் வரவில்லை. அவனையும் யாரோ தேடியிருப்பார்கள். அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன்.

பிஸ்கட்டும் சித்தியும் போகட்டும். லாச்சிக் கடிதத்தில் ‘இதற்கு முந்திய ஒன்று’ என்று எழுதியிருக்கிறாய். சைக்கிளோடு நிற்கிற இந்தப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வவுனியா ஆள் என்று ஒருவர் உண்மையில் வந்தாரா? ஞானம் ஷெல் பட்டுச் செத்ததையும், கோயிலடியில் ஐயர் வந்து முறைப்படி எரித்ததையும் அவர் கண்டாரா? கார்த்திகை அமாவாசை என்று அவர் சொன்னாரா?

இல்லையென்றால் ஏழு வருசமாக நான் யாருடைய நாளுக்குப் படைக்கிறேன்?

சிவனேஸ்வரி


தோர்ண்டன் ஹீத்
19.2.1995

அக்காவுக்கு,

ஒருவரும் வரவில்லை. அதுவும் நான் சொன்ன பொய்தான்.

88 தையில் ஊரிலிருந்து பக்கத்து வீட்டு ரீச்சர் ஒரு ஆளிடம் கடிதம் கொடுத்துவிட்டிருந்தார். ஞானம் போய் இரண்டு மாதம். அம்மா தட்டில் சோறு போட்டு மூடி வைத்துக்கொண்டு காத்திருக்கிறா, தான் ஒரு வாய் சாப்பிடுகிறா இல்லை, முன்கதவைப் பூட்ட விடுகிறா இல்லை, இப்படியே போனால் ஒரு மாதம் தாங்கமாட்டா என்று எழுதியிருந்தார். நான் லண்டனுக்கு வந்து இறங்கிய எத்தனையோ பேரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. தெரியாது என்று அம்மாவுக்கு எழுத என்னால் ஏலவில்லை. சுவரில் கலண்டர் தொங்கியது. அமாவாசை மறக்காத நாள் என்று அதை எடுத்தேன். கோயிலையும் ஐயரையும் நானே வைத்தேன்.

அம்மா சாப்பிடத் தொடங்கினா என்று மறு கடிதம் வந்தது. கதவையும் பூட்டினாவாம். மூன்று வருசம் இருந்து அமைதியாய்ப் போனா. அதைச் சொல்லிச் சொல்லியே என்னை நான் தேற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் உயிரோடு இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத தம்பிக்குத் திவசம் செய்யவைத்தவன் நான். அவன் ஒருவேளை திரும்பி வந்து கதவைத் தட்டியிருந்தால் அது பூட்டிக் கிடந்திருக்கும். வெஸ்ட் ஈலிங் கோயிலில் அவன் பெயருக்கு மோட்ச விளக்கு ஏற்றியபோது நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வசந்தமலர் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவினாள். அது வெட்கம் என்று அவளிடமும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்டதற்கு உண்மை சொன்னேன். தம்பி என்று போடலாமோ தெரியாது.

பாலேந்திரா


ஹெல்ட்ரோட
23.11.1995

தம்பி பாலேந்திராவுக்கு,

ஒன்பது மாதம் எழுதவில்லை. எழுதியவற்றைக் கிழித்துவிட்டேன். உடன்பிறந்தவனுக்கு எழுதக்கூடாத சொல்லெல்லாம் அவற்றில் இருந்தன.

கத்தரின் இந்த ஒக்டோபரிலும் வந்து நின்றார். நீ இப்போது அவருடன் இருந்து கதைக்கிறாயாம், வந்துபோகும்வரை பூனையையும் நீதான் வைத்திருந்தாயாம். கல்லுக்குப் பக்கத்தில் சைக்கிள் படத்தை வைத்தோம். சங்கத்தார் கல்லை என்னிடமிருந்து எடுக்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்டதற்கு டீனா அம்மா மறுபடியும் தடியால் தட்டினார்.

நேற்றுக் கார்த்திகை அமாவாசை. ஞானத்தின் படத்தில் இருந்த மாலையைக் கழற்றினேன். கண்ணாடியில் வைத்த பொட்டைத் துடைத்தேன். விளக்கு வைக்கவில்லை. தட்டில் சோறு போட்டு மூடி வைத்தேன். முன்கதவைப் பூட்டவேண்டாம் என்றேன். அத்தான் என்னைப் பார்த்தார், சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். இன்று காலையில் ஆறின சோற்றை நானே சாப்பிட்டேன். அம்மாவுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று ஏழு வருசத்துக்குப் பிறகு எனக்கு விளங்கியது. நீ அம்மாவிடமிருந்து எடுத்தது இந்தக் காத்திருப்பைத்தான். எடுத்தது நல்லதோ கெட்டதோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். எழுதமாட்டேன்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி யாராவது ஞானம் எங்கே என்று கேட்டால், தெரியாது என்று சொல். நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

அக்கா